சோத்து வண்டி: பொள்ளாச்சி, சித்தூர் பக்கம் மண்டபமும் கேட்டரிங்கும் வைத்திருப்பவர்களுக்கு

மண்டபத்தில் மிச்சமாகிற சாப்பாட்டை யார் வந்து எடுப்பார்கள், நம்பிக் கொடுக்கலாமா, காசு கேட்பார்களா என்று முகூர்த்த மாதம் பிறந்தால் போதும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் எனக்குப் போன் போடுகிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மிச்சச் சாப்பாட்டை எடுத்துப் போய்த் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிற சோத்து வண்டிக் குழுவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மொத்தமாக எழுதிவிடுகிறேன். முதலில் மார்க்தான் வேண்டும் என்பவர்களுக்கு: அஞ்சுக்கு நாலு. அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று கீழே வருகிறது.

நான் பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். கோபாலபுரம் தாண்டினால் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா (ஆந்திரா சித்தூர் இல்லை, இது வேறு). எல்லை தாண்டினாலும் பேச்சு பெரிதாக மாறாது. கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் தமிழ்தான், தமிழ் மீடியம் பள்ளிக்கூடங்களே உண்டு. பெண் இங்கே, மாப்பிள்ளை அங்கே என்று கலந்து நடக்கிற கல்யாணங்கள் எங்களுக்கு நிறைய வரும், அதனால் காலையில் சந்தவை, மதியம் அவியலும் பாலடைப் பிரதமனும் என்று இலையிலும் ரெண்டு மாநிலமும் இருக்கும். மிச்சமாவதும் அதே கலவையில்தான்.

இந்தக் குழுவுக்கு முறையான பெயர் இருக்கிறது, உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் இருக்கிறது. ஆனால் பெயரைப் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். காரணம் அடக்கம் எல்லாம் கிடையாது, திருப்பூரிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் போன் வர ஆரம்பித்தால் எடுத்துப் பதில் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கம் சோத்து வண்டி என்றால் யாருக்கும் தெரியும், எந்தச் சமையல் மாஸ்டரைக் கேட்டாலும் நம்பர் கொடுப்பார். அவர்களிடம் இருப்பது பச்சை நம்பர் பிளேட் போட்ட ஒரு எலக்ட்ரிக் லோடு ஆட்டோ. அப்புறம் பேக்கரி, மெஸ் மாதிரி சின்ன இடங்களுக்குப் போய்வரப் பின்னால் பெட்டி கட்டிய ஒரு பேட்டரி சைக்கிள். ஆட்டோவுக்குள் மூடி போட்ட ஸ்டீல் கேன்களும் சூடு தாங்குகிற பெரிய பெட்டிகளும் இருக்கும். நம் அண்டாவை அப்படியே தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், அவர்கள் பாத்திரத்துக்கு மாற்றி எடுப்பார்கள். பாத்திரத்தைத் திருப்பி வாங்க அலைந்த அனுபவம் இருக்கிற கேட்டரிங்காரர்களுக்கு இது ஒன்றே போதும்.

போன் எடுப்பது பெரும்பாலும் ஒரு அக்கா. சத்துணவு மையத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர், பெரிய பாத்திரத்துச் சாப்பாட்டைப் பற்றி அவரிடம் கதை விட முடியாது. “மிச்சம் இருக்குதுங்க, வந்து எடுத்துக்கறீங்களா” என்று நீங்கள் கேட்டதும் சரி என்று சொல்லிவிடுவார் என நினைக்க வேண்டாம். கேள்வி வரும். அடுப்பை விட்டு எத்தனை மணிக்கு இறக்கினீங்க? பந்திக்கு எடுத்துப் போன வாளியா, உள்ளேயே மூடி இருந்த அண்டாவா? கூட்டுல தேங்காய் அரைச்சு விட்டிருக்கா, சும்மா தூவினதா? குருமாவுல முந்திரியா தேங்காயா? சாதத்தை வடிச்சுப் பரப்பி வச்சீங்களா, அப்படியே குவிச்சு வச்சிருக்கீங்களா? முதல் தடவை கூப்பிடுகிறவர்களுக்கு எரிச்சல் வரும், கல்யாண வேலையில் இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது என்று. ஆனால் இந்தக் குழுவை நான் மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முதல் காரணமே இந்தக் கேள்விகள்தான்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சோறு கெட்டால் மணத்தில் தெரிந்துவிடும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அரிசி கொதிக்கும்போது கிருமி செத்தாலும் அதன் வித்து சாகாது. சோறு ஆறி வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கிவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தி வருவது இதனால்தான். மணமும் ருசியும் அப்போதும் நன்றாகவே இருக்கலாம். அதனால்தான் சமைத்த உணவு சூடாக இருந்தால் 60 டிகிரிக்கு மேல், குளிராக இருந்தால் 5 டிகிரிக்குக் கீழ் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நடுவில் இருக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். வண்டியோடு வருகிற தம்பி கையில் ஒரு கம்பித் தெர்மாமீட்டர் வைத்திருப்பார், அண்டாவின் நடுவில் குத்திப் பார்த்துத்தான் எடுப்பார். மேலே ஆவி வரும், நடுவில் குத்தினால் நாற்பத்தஞ்சு காட்டும், எடுக்க மாட்டார்.

எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள் என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இட்லி, பொங்கல், புளிசாதம், ரசம், பருப்பு, சப்பாத்தி, வடை, இனிப்பு வகைகள் எடுப்பார்கள். தேங்காய்ச் சட்னியை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, அவியல், தேங்காய்ப்பால் பாயசம் எல்லாம் இறக்கி ரொம்ப நேரம் ஆகவில்லை என்றால் மட்டும், அதுவும் பக்கத்து ஊருக்கு. தயிர்சாதம் புளிக்காமல் இருந்தால் சரி. அசைவம் என்றால் மூடிய அண்டாவில் சூடாக இருந்தால் மட்டும், பெட்டியும் தனி. இலையில் பரிமாறியது, பஃபே மேசையில் திறந்து கிடந்தது, ஒருவர் கரண்டி வைத்துக் கிண்டியது எதுவும் வேண்டாம். பந்தி வாளியில் பாதி மிஞ்சிய சாம்பாரைத் திருப்பி அண்டாவில் ஊற்றுகிற பழக்கம் சில சர்வருக்கு உண்டு, அப்படி ஊற்றியது தெரிந்தால் அந்த அண்டாவே போச்சு. நாங்கள் இப்போது சமையல்கட்டில் ஒரு அண்டாவைப் பந்திக்குத் திறக்காமலேயே கடைசி வரைக்கும் வைக்கிறோம், தேவைப்பட்டால் மட்டும் உடைப்பது. அவர்கள் சொல்லித்தான் வந்த பழக்கம். நல்ல பழக்கம்.

ஒரு ரிசப்ஷனில் பெண்ணின் மாமா ஒருத்தர், பாயசம் ரெண்டு கேன் நிறைய இருக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறார்களே என்று சத்தம் போட்டார். சும்மா கொடுப்பதை வாங்குவதற்கு இத்தனை நியாயமா என்று கேட்டார். ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் கோபப்படவில்லை. “வயிறு எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க மாமா. உங்களுக்குச் சேரலைன்னா கார் எடுத்து ஆஸ்பத்திரி போயிருவீங்க, அவங்க ராத்திரியில எதுல போவாங்க?” என்றார். மாமா அதற்கப்புறம் பேசவில்லை. பாயசம் தென்னந்தோப்பு எருக்குழிக்குப் போனது.

ராத்திரிதான் எல்லாருக்கும் சிக்கல். எங்கள் பக்கம் முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். காலை டிபன் மிச்சமானால் கவலையே இல்லை, பத்து மணிக்கு எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். ரிசப்ஷன் சாப்பாடு பத்தரை, பதினொன்றுக்குத்தான் முடியும். அதுதான் அதிகமாகவும் மிஞ்சும், ஏனென்றால் ரிசப்ஷனுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று பெண் வீட்டுக்கும் தெரியாது, மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியாது. அந்த நேரத்தில் வெஜ் பிரியாணியைக் கொண்டுபோய் எந்த ஊரில் யாரை எழுப்பிக் கொடுப்பது? முன்பு எங்களிடம் வந்துகொண்டிருந்த இன்னொரு அமைப்பு, பெயர் வேண்டாம், தூங்குகிற குழந்தைகளை எழுப்பி உட்கார வைத்துப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டோம், அதோடு அவர்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டோம்.

சோத்து வண்டிக்காரர்கள் ராத்திரிக்கு வேறு பட்டியல் வைத்திருக்கிறார்கள். நைட் ஷிப்ட் ஓடுகிற தேங்காய் நார் மில், மில் விடுதி, ஆஸ்பத்திரியில் நோயாளிகூட இருப்பவர்கள், லாரி லோடு இறக்குகிறவர்கள். நார் மில்களில் ஒடிசா, பீகார் பையன்கள் நிறைய, அவர்களுக்கு நம் ரசத்தைவிடச் சப்பாத்தியும் சாதமும் பருப்பும்தான் ஓடும், அதையும் பார்த்துத்தான் பிரிப்பார்கள். ஆள் விழித்திருக்கிற இடத்தில் இவ்வளவு பேருக்கு வேண்டும் என்று முன்கூட்டியே போனில் பேசிவிட்டுத்தான் வண்டி மண்டபத்துக்கே வருகிறது. கொடுக்க இடம் இல்லை என்றால், “இன்னைக்கு எடுத்தா எங்ககிட்டயே கெட்டுப் போயிருமுங்க, வேண்டாம்” என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். இடம் தெரியாமல் அள்ளிக்கொண்டு போய் எங்கோ கொட்டுகிறவர்களைவிட இது எவ்வளவோ மேல்.

வாங்குகிறவர்கள் பக்கம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொடுக்கிற நாம் அதைக் கேட்பதே இல்லை. ஒரு நாள் வண்டியோடு நானும் முதலமடை பக்கம் போயிருந்தேன். அங்கே மாந்தோப்பு வேலைக்குப் போகிற குடும்பங்கள் இருக்கிற ஒரு குடியிருப்பு. வண்டி உள்ளே போய் ஹாரன் அடிக்கவில்லை, வெளியே ரோட்டோரம் நின்றது. ரெண்டு பெண்கள் வந்து மூடியைத் திறந்து பார்த்து, இதை இறக்கு, அது வேண்டாம் என்று சொன்னார்கள். அவர்கள் பாத்திரத்தில், அவர்கள் கையால் எடுத்துக்கொண்டு போனார்கள். வயதான ஒரு அம்மா மட்டும் ஒதுங்கி நின்றார். அந்தக் காலத்தில் பண்ணையார் வீட்டுக் கல்யாணம் முடிந்ததும் பின்வாசலில் நிற்க வைத்து ஊற்றுவார்கள், அதில் வளர்ந்தவள் நான், எனக்கு வேண்டாம், பிள்ளைகள் சாப்பிட்டால் சாப்பிடட்டும் என்றார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அந்த அண்ணன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேனை இறக்கப் போனார். இவர்கள் ஏன் போட்டோ எடுப்பதில்லை, பேனர் கட்டுவதில்லை, பிறந்தநாள்காரர்களைக் கூட்டிவந்து பரிமாறவிடுவதில்லை என்பது எனக்கு அங்கே விளங்கியது. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஃபேஸ்புக்கில் போட ஒரு படம் கேட்டால் கிடைக்காது, அண்டா போய்ச் சேர்ந்தது என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜும், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எந்த ஊர் என்ற ரசீதும்தான் வரும். அந்த ரசீது வெறும் மரியாதைக்கு இல்லை. மிச்ச உணவைச் சேகரித்து விநியோகிப்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019ல் தனியாக ஒழுங்குமுறையே கொண்டுவந்திருக்கிறது; பதிவு செய்திருக்க வேண்டும், கொடுத்தது வாங்கியது எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாதவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

இப்போது வண்டிக்கு வருவோம். எலக்ட்ரிக் என்றதும் நிறையப் பேர் இதைச் சுற்றுச்சூழல் விளம்பரம் என்று நினைக்கிறார்கள். நான் கணக்குப் பார்க்கிறவன், அதனால் அந்த அண்ணனிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தேன். ஒரு யூனிட் கரண்டுக்கு லோடோடு பத்துப் பதினோரு கிலோமீட்டர் ஓடுகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் இன்னமும் நிலக்கரிதான் பெரும்பங்கு, ஒரு யூனிட்டுக்கு சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது, அப்படிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு எழுபது கிராம் போல. டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ. குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 135 கிராம். ஆக, பாதி. புகையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், புகை நம் ஊரில் வராமல் அனல்மின் நிலையத்தில் வருகிறது. பகலில் ஒரு நார் மில் கூரையில் இருக்கிற சோலாரில் சார்ஜ் போடுகிறார்கள், அந்த நாட்களில் கணக்கு இன்னும் குறையும். ஆனி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது உடுமலைப் பக்கக் காற்றாலைகள் எல்லாம் சுற்றும், அப்போதும் கொஞ்சம் நல்ல கரண்டுதான். அதே காற்றில் காலி ஆட்டோ ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் உட்கார்ந்திருப்பவருக்கு அடிவயிறு கலங்கும், அது தனிக்கதை.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது கார்பன் கணக்கைவிடக் காசுக் கணக்கு. கரண்ட் செலவு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல், குட்டி யானை என்றால் கிலோமீட்டருக்கு நாலரை, அஞ்சு ரூபாய் எரிபொருளுக்கே போகும். முன்பு வந்துகொண்டிருந்த அமைப்பிடம் டீசல் வேன்தான் இருந்தது, நூறு பேர் சாப்பாட்டுக்குக் குறைந்தால் வர மாட்டோம் என்பார்கள், அவர்கள் நிலைமையில் அது நியாயமும்கூட. மண்டபத்தில் தினமும் நூறு பேர் சாப்பாடு மிஞ்சாதே! நிச்சயதார்த்தம், சீர், காதுகுத்து என்று சின்னச் சின்ன விசேஷங்களில் இருபது பேர், முப்பது பேர் சாப்பாடுதான் மிஞ்சும். அதெல்லாம் முன்பு பன்றிப் பண்ணைக்கோ குப்பைக்கோ போனது. சோத்து வண்டி இருபது பேர் சாப்பாட்டுக்கும் வருகிறது. ஒரு பேக்கரியில் நாலு பாக்கெட் பன் என்றால் சைக்கிள் வருகிறது. கரண்டில் ஓடுவதன் பலன் என்று நான் கண்டது இதுதான். சத்தம் இல்லாததும் ஒரு வசதி, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீடுகள் இருக்கிற தெரு வழியாக வந்து போவது யாருக்கும் தெரியாது, நாய்களைத் தவிர.

உணவு வீணாவதைப் பற்றிய பெரிய கணக்கைப் பார்த்தாலும் வண்டிப் புகை சின்ன விஷயம்தான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024ல் வெளியிட்ட அறிக்கை, 2022ல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானதாகச் சொல்கிறது, அதில் 60 சதவீதம் வீடுகளில், 28 சதவீதம் ஹோட்டல், கேட்டரிங் மாதிரி இடங்களில். உணவு இழப்பும் வீணும் சேர்ந்து உலகின் வெப்ப வாயுக்களில் 8 முதல் 10 சதவீதம் என்கிறது. வயலில் தண்ணீர் நிற்கும்போதே மீத்தேன், குப்பைமேட்டில் சோறு அழுகும்போது மறுபடி மீத்தேன். ஒரு அண்டா சாதத்தைக் காப்பாற்றப் பத்துக் கிலோமீட்டர் எந்த வண்டியில் போனாலும் லாபம்தான், கரண்ட் வண்டியில் போனால் கூடுதல் லாபம். ஆனால் அரை வாளி ரசத்துக்கு நாற்பது கிலோமீட்டர் போகச் சொன்னால் எந்த வண்டியிலும் அர்த்தம் இல்லை. அதனால் மண்டபத்தைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள்தான் பிரிப்பார்கள். வால்பாறை எஸ்டேட் லயங்களுக்குக் கொடுக்கலாமே என்று கேட்கிறவர்கள் நாற்பது கொண்டை ஊசி வளைவை லோடு ஆட்டோவில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

எல்லை தாண்டுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்குப் போகும்போது சோதனைச் சாவடியில் சில நேரம் கேனைத் திறந்து காட்டச் சொல்வார்கள், இந்த ரூட்டில் ஸ்பிரிட் கடத்தல் பழைய கதை, கேன் என்றாலே சந்தேகம். சாம்பார் வாசனை வந்ததும் விட்டுவிடுவார்கள். திரும்பி வரும்போதுதான் வேடிக்கை. ஓணத்துக்குச் சித்தூர்ப் பக்கம் கிளப், ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் சத்யை விருந்து, மிச்சமும் அதிகம், அதை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் கேரளாவிலிருந்து கழிவு கொண்டுவருகிறார்களோ என்று கேள்வி வரும். கேட்பதிலும் தப்பில்லை. கேரள மருத்துவக் கழிவைத் திருநெல்வேலியில் கொட்டி, 2024 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லித் திருப்பி அள்ளிக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தோம். அதனால் இவர்கள் எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, எங்கே இறக்கப் போகிறோம் என்ற சீட்டை ஒவ்வொரு கேன் மேலும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டுகிறார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: கொங்குப் படையை முறியடித்ததைக் கொண்டாடுகிற கொங்கன் படைத் திருவிழா சித்தூர் பகவதி கோயிலில் இன்றும் வருஷா வருஷம் நடக்கிறது. அந்தத் திருவிழா அன்றைக்கும் கொங்கு நாட்டு மண்டபத்து இட்லி சித்தூருக்குப் போயிருக்கிறது. யாரும் முறியடிக்கவில்லை.

இனி அந்த ஒரு மார்க். ஒரே ஆட்டோ என்பதால் பெரிய முகூர்த்த நாளில் இவர்களை நம்பி உட்கார முடியாது. வைகாசியில் ஒரே நாளில் சுற்றுவட்டாரத்தில் எல்லா மண்டபமும் நிறைந்திருக்கும், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மிஞ்சும். யார் முதலில் கூப்பிட்டார்களோ அவர்களுக்குத்தான் வண்டி. காலையில் நாலு இடம் சுற்றிவிட்டால் மாலைக்குள் பேட்டரி இறங்கிவிடும், முழுசாக ஏற நாலு மணி நேரம் ஆகும், ரிசப்ஷனுக்கு வர முடியாது என்பார்கள். மழைநாளில் தோப்பு வழி மண்பாதைகளில் அந்த மூணு சக்கர வண்டி சிக்கிக்கொள்ளும், சாப்பாட்டைத் தலையில் சுமந்து போய் இறக்கியிருக்கிறார்கள், தாமதமும் ஆகியிருக்கிறது. போன் எடுக்கிற அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு யார் எடுப்பார்கள் என்று ஒரு ஏற்பாடு இல்லை. நல்ல மனசு மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுகிற எல்லாவற்றிலும் இருக்கிற பிரச்சினைதான் இது. 2014ல் கோயம்புத்தூரில் ஆரம்பித்த நோ ஃபுட் வேஸ்ட் மாதிரி பெரிய அமைப்புகள் பல ஊர்களுக்கு வளர்ந்ததைப் பார்த்தால், இவர்களும் ரெண்டாவது ஆட்டோவுக்கும் சம்பளத்துக்கு ஒரு ஆளுக்கும் வழி பண்ணலாம் என்றுதான் தோன்றுகிறது. கேட்டால், பெரிசாகிவிட்டால் கேள்வி கேட்காமல் எடுக்க வேண்டி வரும் என்கிறார் அக்கா. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் அவர் பயம் புரிகிறது.

காசு கேட்பதில்லை. ஆனால் வண்டி ஓட்டுகிறவருக்கும் தூக்குகிற தம்பிக்கும் நீங்களாகவே ஒரு தொகை கொடுங்கள். லட்சக்கணக்கில் செலவு பண்ணுகிற கல்யாணத்தில் பூ அலங்காரத்துக்குக் கொடுத்ததில் நூற்றில் ஒரு பங்கு கூட ஆகாது. எங்கள் மண்டபத்தில் இப்போது பில்லிலேயே ஒரு சின்னத் தொகையைச் சேர்த்துவிட்டோம், வேண்டாம் என்றால் அடித்துவிடலாம் என்று சொல்லித்தான். பெரும்பாலும் யாரும் அடிப்பதில்லை.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது, அதில் வண்டிக்காரர்கள் மேல் தப்பு இல்லை. வண்டி வர ஆரம்பித்த பிறகு விசேஷ வீட்டுக்காரர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. முன்பு எழுநூறு பேருக்குச் சொல்வதா எண்ணூறா என்று யோசித்தவர்கள், “ஆயிரமாகவே போடுங்க, மிஞ்சினா சோத்து வண்டி வரும்” என்கிறார்கள். சமையல் மாஸ்டருக்கும் ஆள் கணக்குக்குத்தான் காசு, அவர் ஏன் வேண்டாம் என்பார்? சாப்பாடு பத்தாமல் போய்விட்டால் ஊர் என்ன பேசும் என்ற பயம் எங்கள் பக்கம் ரொம்ப, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரிசப்ஷனில் இருபது வகை வைத்தால் ஒரு ஆள் ஆறு வகைதான் சாப்பிடுவார். மிச்சமாவது பெரும்பாலும் யாரும் தொடாத அந்தப் பதினாலில்தான், அதிலும் பாதி இவர்கள் எடுக்கவே முடியாத கோபி மஞ்சூரியன், காளான், லைவ் கவுண்டர் மாவு. வகையைக் குறைத்தாலே மிச்சம் பாதியாகும். சாதத்தை மொத்தமாக வடிக்காமல் ரெண்டாம் பந்தி உட்காரும்போது அடுத்த ஈடு போடலாம், எங்கள் மாஸ்டர் இப்போது அப்படித்தான் செய்கிறார். அடுப்பு இருக்கிறது, அரிசி இருக்கிறது, அரை மணி நேரத்தில் சோறு. ஊறவைக்காத அரிசி மூட்டையை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வடித்த சோற்றுக்குத்தான் வண்டி தேடி ஓட வேண்டும்.

ஆவணி முகூர்த்தத்துக்கு இப்போதே நாள் சொல்லிவைத்துவிடுங்கள், ஓணமும் சேர்ந்து வருவதால் வண்டி கிடைப்பது கஷ்டம். கூப்பிடும்போது என்ன வகை, எத்தனை மணிக்கு இறக்கியது, எத்தனை பேருக்குத் தேறும், சமையல்கட்டுக்கு வண்டி வர வழி எது என்ற நாலையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், பாதி நேரம் மிச்சமாகும். மண்டபத்துப் பின்பக்கம் ஒரு 15 ஆம்பியர் பிளக் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், கேன் மாற்றுகிற நேரத்தில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்வார்கள். அப்புறம், புளிக்குழம்பையும் ரசத்தையும் அலுமினியப் பாத்திரத்தில் வைத்துவிட்டுக் கூப்பிடாதீர்கள், அதையும் எடுக்க மாட்டார்கள்.